மோதல்: ஒன்று

தேர்வு அட்டவணையின் முன்வரைவு ஒட்டப்பட்ட காலையில் பல்கலைக்கழகத்தின் நீண்ட தாழ்வாரம் கொதித்தது. கண்ணாடிப் பலகையின் முன்னால் தோளும் தோளும் இடித்துக்கொண்டன. ஒரு தாளுக்கும் மறு தாளுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கிடைத்தவன் கூவினான். கிடைக்காதவன் அட்டவணை போட்ட கையைச் சபித்தான். வாழ்த்தும் வசவும் கலந்த அந்த இரைச்சல் படியேறி, இரண்டாம் மாடியில் அந்தக் கை வேலை செய்யும் அறைவரை வந்து, சாத்திய கதவில் முட்டி நின்றது.

கைக்கு உடையவளை அலுவலகம் டைம்டேபிள் மேடம் என்று அழைத்தது. வீட்டில் அவள் அண்ணி. நாமும் அண்ணி என்றே சொல்வோம். ஏனென்றால் இது அவளுடைய பதவியின் கதையன்று, அவளுடைய வீட்டின் கதை.

அவள் அறையின் ஒரு சுவர் முழுவதும் இரும்புப் பலகை. அதில் காந்தம் ஒட்டிய அட்டைகள். ஒவ்வோர் அட்டையும் ஒரு பாடம். அண்ணி ஓர் அட்டையை நகர்த்துவாள். கணினியின் முன் அமர்ந்த உதவியாளன் அதைப் பதிவு செய்வான். ஒல்லி உடம்புக்காக அவனுக்குப் பென்சில் என்று பெயர். ஒரே வேளையில் இரண்டு தாள் எழுதவேண்டிய மாணவன் ஒருவன் இருந்தாலும் திரையில் சிவப்புப் புள்ளி எரியும். அதுதான் மோதல். அதை அவிழ்க்க அட்டைகளை நகர்த்தி நகர்த்தி அண்ணியின் தோள் மரத்துப்போகும். எந்த நகர்த்தலுக்கும் மசியாத மோதல்கள் கடைசியில் சில மிஞ்சும். அவற்றுக்கென்று கணினியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சிவப்பு பச்சையாகும்.

எப்படிப் பச்சையாகும்? அந்த மாணவர்கள் ஒரு தாளைக் காலையிலும் மற்றதைப் பிற்பகலிலும் எழுதுவார்கள். பிற்பகலில் எழுதப்போகும் தாளின் கேள்விகளோ காலையிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். அவை காதில் விழக் கூடாதே! ஆகவே காலை முதல் மாலை வரை அவர்களை ஓர் அறைக்குள் வைத்து, கைப்பேசியை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, காவலுக்கு ஓர் ஆசிரியையையும் அமர்த்தினார்கள். கோப்புகளில் அதற்குக் காவலறை என்று பெயர். மாணவர் வாயில் கூண்டு. அப்படிப் பச்சையாக்கப்பட்ட இறுதி அட்டவணையின் அடியில் "மோதல்: இல்லை" என்று அச்சிட்டிருக்கும். அதன்கீழ் அண்ணி கையெழுத்திடுவாள். பருவம் தோறும் இட்டாள், பெருமையோடு இட்டாள்.

அன்று பிற்பகல் அவள் வீடு திரும்பும்போது வானம் கறுத்துக் கிடந்தது, மழைதான் இறங்கவில்லை. வீடு ஒரு ரொட்டிக்கடையின் மேல்தளம். கீழே எரியும் அடுப்பின் வெக்கை தரையைத் துளைத்துப் பாதம் சுடும். அந்த அடுப்பில் விடியுமுன் தொடங்கி நண்பகல்வரை ரொட்டி சுடுகிறவர் அவள் கணவர். வீட்டில் அவர் அண்ணன். முன்கை இரண்டிலும் தட்டின் விளிம்பு தீய்த்த தழும்பு வரிசை. அவருடைய தங்கை இளையவள், பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தில் இருந்தாள். அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. கரை திரும்ப மாதங்கள் ஆகும். அவளுடைய மூன்று மாதக் குழந்தைக்கு எல்லாரும் கைகட்டிச் சேவகம் செய்ததால் துரை என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

"வாங்க மேடம்," என்றாள் இளையவள்.

"என்னடி, புதுசா மேடம்?"

"டைம்டேபிள் பாத்துட்டு வந்தேன். சொந்த அண்ணியா இருந்தா இப்படிப் போடுவாங்களா? அதான் மேடம்."

"எந்தத் தாளு?"

"உளவியல், புள்ளியியல். ரெண்டும் ஒரே நாளு, ஒரே காலைல."

"புள்ளியியல் கீழ் வகுப்புப் பாடமாச்சே, உனக்கெதுக்கு அது..." அண்ணியின் பேச்சு பாதியில் அறுந்தது.

"ஞாபகம் வந்துடுச்சா? போன பருவம் எல்லாரும் அந்தப் பரீட்சை எழுதிட்டு இருந்தாங்க. நான் ஆஸ்பத்திரியில இவனப் பெத்துட்டு இருந்தேன். உங்க கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரு அரியர்."

அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்க மறந்து நின்றாள். அரியர் மாணவர்கள் அவளிடம் பெயராக வருவதில்லை, எண்ணாக வருவார்கள். இளையவளை எண்ணாகப் பார்த்து, நகர்த்த முடியாமல், பொத்தானை அழுத்தியவள் அவளேதான்.

தூக்கம் கலைந்து வந்த அண்ணன் வாசற்படியில் சாய்ந்தார். "கூண்டுக்குள்ள போனா நடுவுல வெளிய விட மாட்டாங்களா?"

"பாத்ரூமுக்குக்கூட கூடவே ஆள் வரும்," என்றாள் அண்ணி.

"அப்ப துரைக்குப் பாலு?"

துரைக்குப் புட்டி ஆகாது. ரப்பர் காம்பு உதட்டில் பட்டாலே முதுகை வில்லாக வளைத்துக் கத்துவான். கரண்டி, பாலாடை, கிண்ணம் எல்லாவற்றையும் அந்த வீடு முயன்று தோற்றிருந்தது.

"விட்டுடு, அடுத்த பருவம் எழுதிக்கலாம்," என்றார் அண்ணன்.

"நீ சொல்லுவ அண்ணா. பள்ளிக்கூடத்துல எனக்குன்னு வெச்சிருக்கிற இடம் இந்தப் பருவம் முடிச்சாத்தான். இல்லேன்னா வேற ஆளு. அப்புறம் நான் உன் கடையில மாவு பிசைய வேண்டியதுதான்."

"நீ பிசைஞ்சா ரொட்டிய உடைக்க சுத்தியல் வேணும்."

அவள் சிரித்துவிட்டாள், சிரித்த வேகத்தில் அழுதும் விட்டாள்.

மறுநாள் காலை அண்ணி தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் அறைக்குள் நுழைந்தாள். அலுவலகம் முழுவதற்கும் அவர் கன்ட்ரோலர் சார். மேசையில் ஒரு தாள் கோணலாகக் கிடந்தாலும் பொறுக்காத மனிதர். நடந்ததைச் சொன்னாள்.

"உங்க நாத்தனாரா?" அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா. சொல்லிட்டீங்க. இனிமே அந்த ரெண்டு அட்டையிலயும் உங்க கை படக் கூடாது. பென்சில் பாத்துக்கட்டும்."

"சரி சார். பென்சில் நகர்த்தட்டும்."

"எங்க நகர்த்துவான்? புள்ளியியல் எழுதுறவங்க முந்நூறு பேரு. அத மறுநாள் போட்டா அவங்க எல்லாருக்கும் ஒரே நாள்ல ரெண்டு தாளு. ஒருத்திக்காக முந்நூறு பேர வதைக்கலாமா? நீங்களே சொல்லுங்க. இந்த வேலைய எனக்குக் கத்துக் கொடுத்தவங்களே நீங்கதான்."

அது பொய்யான கணக்கன்று. அந்த அட்டையை எங்கெங்கோ வைத்துப் பார்த்தவள் அவள். எங்கே வைத்தாலும் யாரோ ஒருவர் மிதிபட்டார்கள். உண்மையைச் சொன்னதன் கூலியாக, தவற்றைத் திருத்தும் உரிமையும் கைநழுவிப் போயிற்று.

வீட்டில் ஓர் ஒத்திகை நடந்தது. இளையவள் காலையிலேயே பாலூட்டிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாலைவரை வருவதில்லை என்பது ஏற்பாடு. அண்ணன் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் புட்டியும் துண்டுமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துரை அவருடைய மீசையோடு விளையாடினான். பிறகு பசித்தது.

"குடிடா துரை. மாமன் தர்றேன்ல? மாமன் கையில வேகாத ரொட்டி உண்டா? குடிடா."

துரை கத்தினான். அண்ணன் தோளில் போட்டார், மடியில் போட்டார், தாழ்வாரத்தில் நடந்தார். அடுப்பு வெக்கையில் நின்று பழகியவருக்கே நெற்றியில் வேர்வை உருண்டது. கீழே ரொட்டி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கத்தல் விக்கலாகி, விக்கல் மூச்சு முட்டலாகி, முகம் நீலம் பாரித்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மேலாடை முன்பக்கம் முழுவதும் பால் சுரந்து நனைந்துபோக இளையவள் தெருவைக் கடந்து ஓடிவந்தாள். நண்பகல்கூட ஆகவில்லை.

"நான் எழுதல," என்றாள், குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டே. "வேலையும் வேணாம், ஒன்னும் வேணாம். அண்ணிகிட்ட சொல்லிடு. அவங்க போர்டு பச்சையாவே இருக்கட்டும்."

மறுநாள் காலை அந்தச் சொல் அண்ணியின் காதுக்கு வந்தபோது அவள் அலுவலகத்துக்கு இன்னும் கிளம்பவில்லை. சமையல் மேடையில் முட்டை ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த முட்டையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வேறொரு துறைக்குத் துணைத்தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம் அது. காவலறை இயங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாணவர்களை அதற்குள் அனுப்பியவள் அன்றுதான் அதற்குள் காலடி வைத்தாள். சன்னல்களில் பழுப்புக் காகிதம். மின்விசிறி தலைக்குமேல் முனகியது. காவல் ஆசிரியையைச் சாவி டீச்சர் என்றார்கள். இடுப்பில் சாவி, மடியில் பின்னல் ஊசி.

"மேடமே நேர்ல வந்துட்டீங்களா? இங்க வர்றவங்கள்ல அழாம வர்ற முதல் ஆள் நீங்கதான்," என்றாள் அவள்.

உள்ளே எட்டுப்பத்துப் பேர் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண், காவலாளிச் சீருடையில் நரை தட்டிய ஓர் ஆள், சுவரைப் பார்த்து உட்கார்ந்த ஒருத்தி.

"போன தடவை எதனால விட்டீங்க?" அண்ணி கேட்டாள்.

"வண்டி மோதிடுச்சு," என்றாள் மாவுக்கட்டு.

"மாத்து ஆளு வரல. கேட்ட விட்டு நகர முடியல," என்றார் சீருடைக்காரர்.

சுவரைப் பார்த்தவள் திரும்பவில்லை. "அப்பா போயிட்டாரு," என்றாள்.

மூலையிலிருந்த ஓர் இளைஞன் கையைத் தூக்கினான். "நான் தூங்கிட்டேங்க."

"உடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க. சும்மா தூங்கிட்டேன். நல்ல தூக்கம்." அறை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "அதுக்காக ஒரு முழு நாளும் உள்ள வெச்சுப் பூட்டணுமா? கோழியக்கூட சாயங்காலம்தானே அடைப்பாங்க?"

அண்ணி படியேறித் தன் தளத்துக்கு வந்தாள். விபத்து குற்றமா? வேலை குற்றமா? சாவு குற்றமா? ஓர் உயிரை ஈன்றது குற்றமா? குற்றமில்லையென்றால் பூட்டு எதற்கு? யாரைக் காப்பதற்கு அந்தக் காவல்? தாழ்வார முனையில் ஓர் இயந்திரம் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. முன்னால் பென்சில், காலடியில் அரக்கு முத்திரையிட்ட உறைகள். அவன் ஒவ்வோர் உறையாகப் பிரிக்காமலே காகிதம் கிழிக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி இது?"

"மாத்துக் கேள்வித்தாள் மேடம். எப்பவும் பண்றதுதானே? கேள்வி கசிஞ்சா உதவும்னு ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டாவதா ஒன்னு எழுதி வாங்குறோம். கசியல. போன பருவப் பரீட்சை முடிஞ்சுது. கிழிக்கிறேன்."

அண்ணி இயந்திரத்தின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"மேடம்! பாதி உள்ள போயிடுச்சு!"

"மீதி போதும்," என்றாள். இரண்டாவது கேள்வித்தாள் இருக்கிறது. பாடம் தோறும் இருக்கிறது. பருவம் தோறும் எழுதப்பட்டு, முத்திரையிடப்பட்டு, யார் கண்ணும் படாமல் தூளாகிறது. முதன்மைத் தேர்வு கசிவின்றி முடிந்த மறுகணமே அதற்கு வேலை இல்லை. தேர்வெல்லாம் முடிந்தபின் வரும் ஒரு வெற்று நாளில், கூண்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு அதைக் கொடுத்தால் எதைக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று அடைத்துவைப்பது? வேறு கேள்வி! வேறு நாள்!

அவள் போய்ச் சொன்னதைக் கன்ட்ரோலர் கேட்டுக்கொண்டார். நெடுநேரம் மேசையின் காகிதங்களை நேராக்கினார்.

"வழக்கம் இல்லையேம்மா."

"வழக்கம் இல்லைதான் சார். ஆனா விதி தடுக்கல. யாருக்கும் கூடுதல் வேலை இல்ல. யாருடைய நாளும் மாறல. முந்நூறு பேர்ல ஒருத்தருக்கும் நகம் பேராது."

"அடுத்த பருவம் கவுன்சில்ல வெப்போம்."

"நாளைக்கு இறுதி அட்டவணைல கையெழுத்துப் போடணும். நாப்பத்தொரு பேர் கூண்டுக்குப் போறாங்க. மோதல் இல்லைன்னு எழுதி இனிமே என்னால கையெழுத்துப் போட முடியாது சார். இருக்கு."

அவர் நிமிர்ந்தார். அவள் கையெழுத்து இல்லாமல் அச்சகம் ஹால் டிக்கெட் அடிக்காது. கோபம் அவர் காதுமடல்வரை ஏறி, மெல்ல இறங்கியது. அவர் கெட்ட மனிதரல்லர். நேர்மை தவற அஞ்சினார், நேர்மையற்றவர் என்று பெயர் வாங்குவதற்கு அதைவிட அஞ்சினார்.

"செய்வோம்," என்றார் கடைசியில். "ஆனா ஒன்னு. உங்க வீட்டுப் பொண்ணுக்கு இதுல பங்கு கிடையாது. அவ பழையபடியே எழுதட்டும். இல்லேன்னா நாளைக்கே எவனாவது என்ன சொல்லுவான்? நாத்தனாருக்காக டைம்டேபிள் மேடம் சட்டத்தையே வளைச்சாங்கம்பான். நாப்பது பேருக்குக் கிடைச்சதும் அதோட போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

சன்னலுக்கு வெளியே காற்று கொடிக்கம்பத்தின் கயிற்றை அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். மாவுக்கட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். வெட்கமில்லாமல் தூங்கியவன்கூட வந்தான். நனைந்த மேலாடையோடு தெருவைக் கடந்தவளும் வந்தாள்.

"சரி சார்," என்றாள்.

இறுதித் தாளில் அச்சிட்டிருந்த "இல்லை" என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் "ஒன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வீட்டில் அதைச் சொன்னபோது அண்ணன் ரொட்டிக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தாமலே திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் கதவத் திறந்து விட்டுட்டு, நம்ம வீட்டுப் பிள்ளைய மட்டும் உள்ள தள்ளிப் பூட்டிட்டு வந்தியா?"

"நான் ஒத்துக்கலைன்னா நாப்பத்தொரு பேரும் உள்ளதாங்க."

"எனக்கு நாப்பத்தொரு தங்கச்சியா இருக்கு? ஒன்னுதான் இருக்கு!"

"கத்தாத அண்ணா, அவன் முழிச்சுக்குவான்," என்றாள் இளையவள். குழந்தையைத் தோளில் சாய்த்து நடந்துகொண்டிருந்தாள். "மோதல் ஒன்னுன்னு ஒட்டியிருக்காங்களே, அந்த ஒன்னு நான்தானா அண்ணி?"

அண்ணி தலையசைத்தாள். அறைக்குக் குறுக்கே மூன்று தடவை போய்வந்தாள் இளையவள். கோபத்தில் கன்னம் துடித்தது.

"கூண்டுல வேற யாரும் இல்ல?"

"நீ மட்டும்தான்."

"அப்ப நான் போறேன். எழுதுறேன். ஆனா நடுவுல துரை உள்ள வருவான்."

"வெளி ஆள் போக விதி கிடையாதுடி."

"அவன் வெளி ஆளா அண்ணி? போன பருவம் அந்தப் பரீட்சைக்கு நான் போகாததுக்குக் காரணமே அவன்தான். அவனும் வந்து பதில் சொல்லட்டும்."

இப்படிச் சொன்னவள் அன்றிரவே புத்தகத்தை விரித்தாள். தொட்டிலை ஒரு காலால் ஆட்டியபடி படித்தாள். வாரக்கணக்கில் அப்படியே படித்தாள்.

தேர்வு நாள் வந்தது. அந்த இரண்டு தாள்களின் பக்கம் போக அண்ணிக்கு அனுமதி இல்லை. இரண்டாம் மாடியில் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றவள் கீழ்த் தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைத் தாள் முடிந்தது. காவலறைக் கதவு திறக்கவில்லை. மாவு உதறாத சட்டையோடு அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாவி டீச்சர் கதவை ஒருக்களித்துத் தலையை நீட்டினாள்.

"எனக்கு உத்தரவு இல்லைங்க. இருந்தா இந்தக் கையாலேயே வாங்கிப்பேன்."

"மேல சொல்லிப் பாருங்க டீச்சர். விடிஞ்சதுலேருந்து பட்டினி."

துரைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. அவன் தொடங்கினான். அந்தச் சிறு தொண்டையிலிருந்து எழுந்த குரல் தாழ்வாரத்தின் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனையில் எதிரொலித்தது. பக்கத்துக் கூடத்தில் பிற்பகல் தாளுக்காக வரிசையாக அமர்ந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். கண்காணிப்பாளர் ஒருவர் வெளியே வந்தார், இன்னொருவர் வந்தார். கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் தாழ்ந்து கேட்டது: "துரை... இதோம்மா... இதோ இருக்கேன்டா..." அதைக் கேட்டதும் அவன் இன்னும் ஓங்கிக் கத்தினான்.

இளையவளுக்கான பிற்பகல் கேள்வித்தாள் உறையைக் கையில் பிடித்தபடி கன்ட்ரோலரே வந்தார்.

"யாரு இந்தக் குழந்தைய இங்க கொண்டு வந்தது?"

"நான்தாங்க. தாய்மாமன்," என்றார் அண்ணன். "அனுப்புங்க, இல்ல நீங்களே சமாதானப்படுத்துங்க. நான் அடுப்பக்கூட அணைச்சுடுவேன். இத முடியாது."

குழந்தையை அவர் கையில் கொடுத்தேவிட்டார். கன்ட்ரோலர் திகைத்துப் போனார். ஒரு கையில் முத்திரையிட்ட உறை, மறு கையில் நீலம் பாரிக்கும் முகம். கூடத்து வாசலில் கழுத்துகள் நீண்டன. அவர் சாவி டீச்சரைப் பார்த்தார்.

"உள்ள போற எதையும் சோதிக்கணும்னுதானே விதி? சோதிங்க."

சாவி டீச்சர் துணியைப் பிரித்தாள். உதைக்கும் இரண்டு கால்கள், ஈரமான ஒரு துண்டு. துண்டை உதறிக் காட்டினாள். "கேள்வியும் இல்ல, பதிலும் இல்ல சார்."

"அனுப்புங்க."

கதவு திறந்தது, மூடியது. கத்தல் ஒரு கேவலாகத் தேய்ந்து, பிறகு இல்லாமலே போயிற்று. மேலே சன்னல் கம்பியைப் பற்றிய அண்ணியின் விரல்கள் தளர்ந்தன.

பிற்பகல் தாள் தொடங்குவதற்கான மணி அடித்தது. கூடத்தில் வேறு பாடம் எழுதுகிறவர்களின் பேனாக்கள் குனிந்தன. கன்ட்ரோலர் காவலறைக் கதவை விரல் கணுவால் தட்டினார், மெல்லத்தான் தட்டினார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

உள்ளிருந்து இளையவளின் குரல் வந்தது. அதில் கெஞ்சல் இல்லை, சவாலும் இல்லை.

"குடிச்சு முடிக்கட்டும் சார். இதுக்கெல்லாம் டைம்டேபிள் போட முடியாது."

கன்ட்ரோலர் சுவரோரம் கிடந்த முக்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். முத்திரையிட்ட உறையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் மடித்து வைத்து, அண்ணனுக்குப் பக்கத்தில் அமர்ந்து காத்திருந்தார்.